பொழுது போகாத ஊர்

ஜூனில் எங்கள் ஊரில் பொழுது போகாது.
வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
பன்னிரண்டரைக்கு யூகான் ஆற்றுக்கு அந்தப்புறம்
மலைமேல் முதுகைக் காட்டிவிட்டு
நாலு மணிக்குள் திரும்பிவிடும் சூரியன்.
இடைப்பட்ட நேரத்திலும்
வாசற்படியில் நின்று
மருந்துச் சீட்டைப் படிக்கலாம்.

இந்த ஊரில்தான் நான்
நாலு செடிகளுக்கு
தினம் பன்னிரண்டு மணி நேர இருட்டு
தயாரித்துத் தருகிறேன்.

வீட்டுக்கு நாலு கஞ்சாச்செடி என்கிறது சட்டம்.
இருட்டை எங்கே வாங்குவது என்று
அதில் எழுதவில்லை.

ஓடீலின் தையலறை ஜன்னலுக்கு ஒட்டுப்பலகை,
அதன்மேல் அலுமினியத்தாள்,
அதன்மேல் சுரங்கக்காரர்கள் ஏலத்தில் விட்ட தார்ப்பாய்.
அதற்கும் உள்ளே கறுப்புக் கூடாரம்.
எதிர்வீட்டு வெண்டல் வேலிமேல் சாய்ந்து சொன்னான்:
"குளிர்காலம் பூரா வெளிச்சம் வெளிச்சம் என்று புலம்பினாய்.
வந்ததும் ஆணி அடித்து அடைக்கிறாயே."

மாலை ஆறுக்கு டைமர் சொடுக்கும்.
விளக்கு சாகும்.
நான் ஜிப்பை உள்ளிருந்து இழுத்து மூடி
கவிழ்த்த வாளியில் உட்கார்வேன்.

முதல் நிமிடத்து இருட்டை நம்பக்கூடாது.
அது கண்ணின் சோம்பல்.
நாலாவது நிமிடம் ஜிப் பல்லைக் காட்டும்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தில் ஒரு பச்சைக் கண்,
பவர் ஸ்ட்ரிப்பில் ஒரு சிவப்புக் கண்.
காற்றுக்குழாய் வழியாக மட்டும் எதுவும் வரவில்லை:
வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது,
இரண்டு வளைவு வைத்து
உட்புறம் கறுப்படித்தால் பாதியிலேயே களைத்துவிடும்.

பத்தாவது நிமிடம்
தலைக்கு மேல், தையல் ஓரமெல்லாம்,
ஊசி ஊசியாக,
அவை.

ஏப்ரலுக்குப் பிறகு
நான் நட்சத்திரம் பார்க்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடி
ஒவ்வொன்றாக ஒட்டினேன்.
டேப் கிழியும் சத்தத்துக்கு ஒன்று அணைந்தது.
கரடி போல் இருந்த கூட்டத்தில்
முதலில் வால் போனது, பிறகு காது.
கடைசியில் ஒன்று மிச்சம்,
வாளிக்கு நேர் மேலே, கொஞ்சம் நீலமாக.
டேப் தீர்ந்துவிட்டது என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பையில் இன்னொரு சுருள் இருந்தது.

ஓடீல் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள்.
பதினேழு வருட ஸ்ட்ரெச்சர் அவள் முதுகில் இருக்கிறது.
செடிகள் அதற்காகத்தான்.
விடிய விடிய விழித்திருந்தாள் என்று எழுதலாம்,
விடிவதற்கு முதலில் இருட்ட வேண்டுமே.
ஒரு நாள் அதிகாலை ஒரு மணிக்கு
சீருடையோடு கூடாரத்துக்குள் வந்தாள்.
ஊரிலேயே ஒரே இரவு அங்கேதான் இருந்தது.
என் முழங்காலில் தலை வைத்தாள்.
"அது என்ன?"
"விட்டு வைத்திருக்கிறேன்."
"மூடு" என்றாள்,
மூடுமுன் தூங்கிவிட்டாள்.
அவளை எழுப்பாமல் எழ முடியாது
என்பது அன்றைய காரணம்.
மறுநாளுக்கு வேறு ஒன்று கிடைத்தது.

ஐந்தாவது வாரம்.
நெற்றியில் பச்சை விளக்கோடு குனிகிறேன்
(பச்சை செடிக்குத் தெரியாது என்கிறார்கள்,
எனக்கு அதில் நம்பிக்கை இல்லை).
மூன்றாவது செடி, வாளிக்குப் பக்கத்தில் நிற்பது.
வெள்ளை மயிர்களுக்கு நடுவே
சின்னச் சின்ன மஞ்சள் வாழைப்பழங்கள்.
இரவா பகலா என்று குழம்பிய பெண்செடி
இனி யாரும் வரப்போவதில்லை என முடிவெடுத்து
தன்னையே கல்யாணம் செய்துகொண்டிருக்கிறது.

ஈரத்துணியால் மூடி வேரோடு வெளியேற்றினேன்.
தாமதம்தான்.
அறுவடையில் மற்ற மூன்றிலும் விதை.
ஓடீல் திட்டவில்லை.
பல்லில் கடிபட்டவற்றை எடுத்து
இருமல் மருந்துப் புட்டியில் போட்டு வைத்தாள்,
பதினொன்று.
அந்தத் துளையைப் பற்றி
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் பாதியில் ஒரு பின்னிரவு
வெளியிலிருந்து கூப்பிட்டாள்.
செருப்பில்லாமல் ஓடினேன்.
ஆற்றுக்கு மேலே, கொஞ்சம் நீலமாக,
ஒன்றே ஒன்று.

"பார்" என்றாள்.
பார்த்தேன்.
கை
பைக்குள் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தது.